மெர்ட்டன் தண்ணீரில் லின்வுட்டின் மிதவை

திங்கட்கிழமை காலை ரோவெனா ஆலி பலகைக்கு ஏழாவது தடவையாக வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள்.

படம் வரையும் பலகைக்கு ஒரு பூச்சு போதும். மனசு கேட்காதவர்கள் இரண்டு கொடுப்பார்கள். மூன்றாவது பூச்சு வரை, அடித்தளம் நன்றாக இருக்க வேண்டாமா என்று ரோவெனா தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். நாலாவதிலிருந்து அந்த நியாயமும் வெளுத்துவிட்டது. ஒவ்வொரு பூச்சு காய்ந்த பிறகும் அதன் மேல் அதே பென்சில் கோட்டைப் போடுவாள்: துறைமுகத்தின் வளைவு, நடுவில் கெட்டில் பாறை. அந்தக் கோட்டை மட்டும் இப்போது கண்ணை மூடிக்கொண்டே போடுகிற அளவுக்குத் தேறியிருந்தாள். அதற்குப் பிறகு எட்டடிக்கு நாலடி வெள்ளை அவளை முறைத்துப் பார்க்கும். அவளும் திரும்ப முறைப்பாள். தோற்பது எப்போதும் அவள்தான். தோற்றதும் வெள்ளை டப்பாவைத் திறப்பாள்.

நாங்கள் யாரும் வேலை மெனக்கெட்டுப் போய் எட்டிப் பார்க்கவில்லை. அவளுடைய கராஜ் கதவு திறந்தே கிடக்கும். தபால் நிலையத்துக்கு அதுதான் வழி. நாளைக்கு மூன்று தடவை தபால் நிலையத்துக்குப் போவது ஒரு குற்றமா?

இந்த வம்பை அவளாகத்தான் இழுத்துக்கொண்டாள். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், நூலகத்தின் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவருக்கு ஒரு படம் வேண்டும் என்று பேச்சு வந்தது. கோடைக்கு மட்டும் பாஸ்டனிலிருந்து வந்து இறங்கும் திருமதி ஆஷ்வர்த், அன்று இதற்காகவே வந்து, தான் வரைந்த படத்தைச் சட்டம் போட்டே கொண்டுவந்திருந்தார். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட பூனை ஒன்று படகு ஓட்டுகிற படம். நல்ல பூனைதான். ஆனால் ரோவெனா எழுந்து நின்றுவிட்டாள்.

"நம்ம துறைமுகத்த வரைய நம்ம ஊர்ல ஆளே இல்லையா? எனக்கு ஒரு சுவரு குடுத்துப் பாருங்க, காட்டறேன்!"

கை தூக்கச் சொன்னார்கள். அறுபத்தொரு கை அவளுக்கு, ஒன்பது கை பூனைக்கு. அந்தக் கைகள் இறங்கிய கணத்திலேயே ரோவெனா உட்கார்ந்துவிட்டாள். ஏனென்றால் அவளுக்கு மட்டும் தெரிந்த ஓர் உண்மை இருந்தது. பதினோரு வருஷமாக அவள் வரைந்ததெல்லாம் கலங்கரை விளக்கம். பரிசுப்பொருள் கடைக்கு, உள்ளங்கை அகலத்தில், நானூற்றுச் சொச்சம் கலங்கரை விளக்கங்கள். எங்கள் டாரெட் ஹார்பரில் கலங்கரை விளக்கமே கிடையாது. கையகலக் கட்டடத்தைத் தவிர வேறெதையும் வரைந்து பார்க்காதவள் கூட்டத்தில் கடலையே கேட்டு வாங்கிவிட்டாள்.

அன்று காலையும் நூலகர் பிரிசில்லா வந்து நின்றாள்.

"எந்தக் கட்டத்துல இருக்கீங்க, ரோவெனா?"

"அடித்தளம்."

"மார்ச்சுலயும் அதையேதான் சொன்னீங்க."

"இது ஆழமான அடித்தளம்."

பிரிசில்லா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "'பனிப்புயல்'னு பேரு வெச்சு இப்படியே மாட்டிடலாமா?"

"மாட்டலாம். ஆனா இது ஜூன் மாசம்."

"அதத்தான் நானும் சொல்றேன். சனிக்கிழமை பீன்ஸ் விருந்து. ஊரே வரும். சுவத்துல ஆணி அடிச்சாச்சு. நீங்க கொண்டு வரலைன்னா..." பிரிசில்லா குரலைத் தாழ்த்தினாள். "பூனை இன்னும் ஆஷ்வர்த் அம்மா கார்லயேதான் இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

ரோவெனா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பூனைக்காவது எந்தப் பக்கம் படகை ஓட்டுவது என்று தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயதில், தினமும் காலையில் அந்த மழைக்கோட்டைப் பார்த்தபடி புத்தகம் எடுக்கப் போக வேண்டும். பேசாமல் படிப்பதை விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை. அல்லது பக்கத்து ஊர் நூலகம். அல்லது கனடா.

செவ்வாய்க்கிழமை அவள் தூரிகைகளை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினாள். வண்ணக் குழாய்களை நிற வரிசையில் அடுக்கினாள்; பிறகு குள்ளம், நெட்டை என்று அடுக்கினாள். சமையலறையில் ஃப்ரிட்ஜை நகர்த்திப் பின்னால் கூட்டினாள். அங்கே பழைய புளூபெர்ரி ஒன்று கிடந்தது. அதைக் கண்டதும் இதற்கு மேல் ஒளிய இடமில்லை என்று புரிந்துவிட்டது.

"ஒரே ஒரு புள்ளி," என்று பலகையிடம் சொன்னாள். "உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம். ஒரு புள்ளி வெச்சிட்டு நான் காப்பி குடிக்கப் போயிடறேன்."

வைத்தாள். கெட்டில் பாறைக்குக் கிழக்கே, வெள்ளைத் தண்ணீரில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவை. நடுவில் பச்சைப் பட்டை. மேலே சின்னதாக ஒரு குச்சி. நேராக நிமிர்ந்து நின்றது. நிறத்தைக் குழைக்க அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கைக்கு என்னவோ ஒரு தெம்பு வந்த மாதிரி இருந்தது. ஆறு நாளில் படம் முடிந்துவிடும் போல ஒரு பிரமையில் காப்பி குடிக்கப் போனாள். மிச்சம் இருந்தது நாலு நாள் என்பது பிறகுதான் உறைத்தது.

காப்பி இறங்குவதற்குள் தபால் நிலையத்து ஈனிட் கராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தபால் நிலையத்தை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நாங்களும் அவள் பின்னால்தான் நின்றோம்.

"ஏண்டி ரோவெனா," ஈனிட் நெஞ்சில் கை வைத்தாள், "தெரிஞ்சுதான் வெச்சியா?"

"எதை?"

"லின்வுட் மிதவையக் கொண்டு போய் மெர்ட்டன் தண்ணியில வெச்சிருக்கியே!"

ரோவெனா திரும்பிப் பார்த்தாள். காப்பி வேறு பாதையில் போய் இருமல் வந்தது.

எங்கள் கடற்கரையில் சிங்கிறால் பிடிக்கிற ஒவ்வொருவனுக்கும் மிதவையில் அவனவன் நிறம் உண்டு. கடலடியில் கிடக்கும் கூண்டு யாருடையது என்பதை மேலே மிதக்கும் நிறம் சொல்லிவிடும். எந்த நிறம் எந்தத் தண்ணீரில் மிதக்கலாம் என்பதும் எழுதாத சட்டம். பாறைக்கு மேற்கே லின்வுட், கிழக்கே மெர்ட்டன். குறுக்கே போனால் குடும்பங்கள் மூன்று தலைமுறைக்குப் பேசிக்கொள்ளாது.

ஆரஞ்சும் பச்சைப் பட்டையும் லின்வுட் ஆலியின் நிறம். லின்வுட் ரோவெனாவின் முன்னாள் கணவன். மெர்ட்டன், புதன்கிழமை தோறும் உணவகத்தின் ஜன்னல் மேஜையில் ரோவெனாவுக்கு எதிரே உட்கார்ந்து ருபார்ப் பை என்னும் புளிப்பும் இனிப்புமான பலகாரத்தைத் தின்கிறவர். வெறும் பைதான் என்று ரோவெனா சொல்லுவாள். மேஜை ஜன்னலோரம் என்பதால் நாங்களும் பார்த்திருக்கிறோம். பை சாப்பிட இரண்டு மணி நேரம் ஆகிறது.

"அது வெறும் நிறம்டி," என்றாள் ரோவெனா. "அந்த இடத்துக்கு ஒரு சூடான நிறம் தேவைப்பட்டுது."

"சூடா?" என்றாள் ஈனிட். "நல்லா வெச்சே சூடு."

எல்லோரும் போன பிறகு ரோவெனா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம், ஒவ்வொரு குளிர்காலமும், அறுநூறு மிதவைக்கு இதே ஆரஞ்சு, இதே பச்சைப் பட்டை அடித்த கை அது. அவள் விவாகரத்து வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. கை இன்னும் வாங்கவில்லை போலிருக்கிறது.

புதன்கிழமை காலை லின்வுட்டின் வண்டி வந்து நின்றது. அவன் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"என்னைத் திருடன்னு வரைஞ்சிருக்கியாமே?"

"ஒரு மிதவை வரைஞ்சேன், லின்வுட்."

"என் மிதவை. அவன் தண்ணியில. நாப்பது வருஷத்துல ஒரு தடவை அந்தப் பாறைய நான் தாண்டினது உண்டா?"

"இல்ல."

"தாண்டணும்னு நினைச்சதாவது உண்டா?"

"நினைச்சியான்னு எனக்கெப்படித் தெரியும்? நீ என்ன நினைக்கிறேன்னு தெரிஞ்சிருந்தா நம்ம கதையே வேற."

லின்வுட் வண்டியைக் கிளப்பினான். "சனிக்கிழமைக்குள்ள அது அங்கிருந்து போகணும். இல்லைன்னா பீன்ஸ் கிடையாது."

இது சாதாரண மிரட்டல் இல்லை. முந்தின நாளே குழி வெட்டி, தணல் போட்டு, இரும்புச் சட்டியில் பீன்ஸைப் புதைத்து வேகவைப்பது லின்வுட் ஒருத்தனுக்குத்தான் கைவந்த வேலை. அவன் இல்லாவிட்டால் விருந்தில் மிஞ்சுவது பிரிசில்லாவின் முட்டைக்கோஸ் சாலட். ஊரில் அதுவரை படத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்கூட அன்று மதியம் ஓவியத்தில் ஆர்வம் கொண்டார்கள்.

சாயங்காலம் மெர்ட்டன் வந்தார். பை தின்னும் நாளில் அவள் உணவகத்துக்கு வரவில்லை என்பதால் தட்டில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். பலகையின் முன் நின்றார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ரோவெனாவுக்குக் காது சூடேறியது.

"சொல்லிடுங்க மெர்ட்டன். ஊரே சொல்லியாச்சு. நீங்களும் சொல்லிடுங்க."

"தப்பா இருக்கு," என்றார் மெர்ட்டன்.

"தெரியும். உங்க தண்ணி. நான் வேணும்னு..."

"அது இல்ல. நேரா நிக்குதே, மிதவை."

"நின்னா?"

"நேரா நின்னா தண்ணி ஓடலைன்னு அர்த்தம். இங்க தண்ணி ஓடாம நிக்கறது நாளைக்கு நாலு தடவை, அதுவும் ஒரு பை தின்னு முடிக்கற நேரம்தான்." யோசித்துவிட்டு, "சீக்கிரமா தின்னா," என்று சேர்த்துக்கொண்டார். "இது கடல் ஏத்தமா, இறக்கமா?"

ரோவெனா பலகையைப் பார்த்தாள். மூன்று மாதமாக எட்டடி வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் யாரும் பதில் உள்ள ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை. எந்தக் கட்டம், எப்போது முடியும், என்ன பாணி... இதற்கெல்லாம் பதில் கிடையாது. ஏற்றமா இறக்கமா என்பதற்கு இரண்டில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

"இறக்கம்," என்றாள்.

"அப்ப வெளிப்பக்கமா சாயணும்."

தூரிகையை எடுத்து மிதவையைக் கடல் பக்கமாகச் சாய்த்தாள். சாய்ந்த மிதவைக்குப் பின்னால் தண்ணீர் கொஞ்சம் சுழிக்க வேண்டியிருந்தது, சுழிக்க வைத்தாள். தண்ணீர் வெளியே ஓடினால், கட்டிப்போட்ட படகுகளின் மூக்கு கரையைப் பார்த்து நிற்கும். இரண்டு படகுக்குக் கோடு போட்டாள். தண்ணீர் இறங்கினால் பாறையில் கடற்பாசி தெரியும். பாசிக்கு ஒரு பழுப்பு வேண்டும். துறைத் தூண்களின் ஈரப் பகுதி கறுப்பாக இருக்கும். மெர்ட்டன் ஏதோ சொல்லிவிட்டுப் போனதுகூட அவள் காதில் விழவில்லை. பை தட்டில் அப்படியே இருந்தது. அன்று இருட்டுவதற்குள் பலகையில் பாதி கடல் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை விஷயம் பரவிவிட்டது. ரோவெனா படத்தில் மிதவை வைக்கிறாள். வைக்கிற இடம் தப்பாக இருந்தால் நூலகச் சுவரில் சாகிற வரைக்கும் தப்பாகவே இருக்கும். படகை நிறுத்திவிட்டு ரப்பர் பூட்ஸோடு வரிசையாக வந்தார்கள்.

"என்னுது எங்க?"

"உன்னுதுக்கு நேரம் வரும், நில்லு."

"நீலம் வெளிர் நீலம் இல்ல. அடர் நீலம்."

"காஞ்சா அடர்த்தி ஆயிடும்."

"அவனுக்கு ரெண்டு வெச்சிருக்கே, எனக்கு ஒண்ணா?"

"அவனுது பக்கத்துல வருது, பெருசா தெரியுது. உன்னுது தூரம், அதனால ஒண்ணு. தூரத்துல போய் கூண்டு போட்டது நீயா நானா?"

"அந்தப் படகு என் மச்சானுது மாதிரி இருக்கு. அத வரையாதே, எனக்கும் அவனுக்கும் ஆகாது."

"கண்ண மூடிக்கிட்டு புத்தகம் எடு."

பொறுமையிழந்து கத்தினாள், அழித்தாள், திரும்பப் போட்டாள். தனக்குப் படம் வருகிறதா வரவில்லையா என்று கவலைப்பட அவளுக்கு அன்று நேரமே கிடைக்கவில்லை. சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது முப்பத்தொரு மிதவை. ஒன்றுகூடக் கலங்கரை விளக்கம் மாதிரி இல்லை.

முப்பத்தொன்றில் முப்பது சரியான தண்ணீரில் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை அவள் துணியை எடுத்து அந்த ஆரஞ்சை வழித்தெடுத்தாள். பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்தாள். படம் செத்துக் கிடந்தது. மற்ற முப்பதும் சந்தையில் விற்காமல் போன காய்கறி மாதிரி மிதந்தன. பாறைக்கு மேற்கே, லின்வுட்டின் சொந்தத் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். அங்கே வரைந்திருந்த படகின் சிவப்போடு சேர்ந்து அது காணாமலே போனது. திரும்பக் கிழக்கே வைத்தாள். கடல் மூச்சு விட்டது.

"நாசமாப் போச்சு," என்றாள் ரோவெனா. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்துக்கு எது நல்லது என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அது முன்னாள் கணவனாகவா இருக்க வேண்டும்?

பிரிசில்லா ஓடி வந்தாள். "ரோவெனா, படம் ரொம்ப நல்லா இருக்கு. உண்மையாவே சொல்றேன். ஆனா சண்டைய நூலகத்துல மாட்ட முடியாது. லின்வுட் இன்னும் குழி வெட்டல!"

"மெர்ட்டன் என்ன சொல்றாரு?"

"அவரு 'இருந்துட்டுப் போகட்டும்'னாரு. அது இன்னும் மோசம். விட்டுக்கொடுத்துட்டார்னு ஊர் பேசுது."

ஊர் என்றால் நாங்கள்தான். பேசினோம்.

"லின்வுட்ட குழிய வெட்டச் சொல்லு," என்றாள் ரோவெனா. "நாளைக்கு அவனுக்கு மரியாதைக் குறைவு இருக்காது. நான் பொறுப்பு."

பிரிசில்லா உடனே லின்வுட்டைத் தேடி ஓடினாள். எப்படிப் பொறுப்பு என்பதை ரோவெனாவே அதற்குப் பிறகுதான் யோசித்தாள். வாய்தான் முதலில் வாக்குக் கொடுக்கும், மற்ற உறுப்புகள் பின்னால் திண்டாடும். மார்ச்சிலும் அப்படித்தான். மத்தியானம் முழுக்க அந்த மிதவையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளை டப்பா எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு தடவை மூடியைத் தொட்டாள். தொட்டுவிட்டு, தன் கையைத் தானே அடித்தாள்.

பிறகு எழுந்தாள். மெல்லிய தூரிகை. கொஞ்சம் கறுப்பு. அரை நிமிஷ வேலை.

சனிக்கிழமை பலகையை எடுத்துப்போக, எட்டடி நீளம் கொள்ளும் வண்டி ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆகவே படத்தை ஏற்றிக்கொண்டு வந்தவனும் லின்வுட்தான். பிரிசில்லா காலில் விழாத குறையாகக் கேட்டதால் குழி வெட்டியிருந்தான். ஆனால் சட்டி இன்னும் மண்ணுக்குள்தான் இருந்தது. தோண்டுவதா வேண்டாமா என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வானாம். துணி போர்த்திய பலகையை அவனும் மெர்ட்டனும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கினார்கள். நாங்கள் அறுபது பேர் மூச்சு விடவில்லை.

ஆணியில் மாட்டினார்கள். துணி விழுந்தது.

லின்வுட் கிட்டே போனான். இன்னும் கிட்டே. மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்றான்.

ஆரஞ்சு மிதவை மெர்ட்டன் தண்ணீரில், அதே இடத்தில்தான் சாய்ந்து கிடந்தது. ஆனால் அதன் குச்சியைச் சுற்றி மெல்லிய கயிறு: இரண்டு அரைச் சுருக்கு.

எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்தவன் தண்ணீரில் கூண்டு போட்டால் முதலில் கயிற்றை அறுக்க மாட்டார்கள். மிதவையின் குச்சியில் இரண்டு சுருக்குப் போட்டுவிட்டுப் போவார்கள். பார்த்துவிட்டேன், எடுத்துக்கொண்டு போ, சண்டை வேண்டாம் என்று அர்த்தம். முறை தெரிந்தவன் மறுநாளே எடுத்துவிடுவான். அதைப் பற்றிப் பிறகு யாரும் பேசக் கூடாது. அதில் அவனுக்கு அவமானமும் கிடையாது.

"யாரு போட்ட சுருக்கு இது? இவனா?" லின்வுட் மெர்ட்டனைப் பார்க்காமல் கேட்டான்.

"நான்," என்றாள் ரோவெனா.

"உனக்கேது தண்ணி அங்க?"

ரோவெனா மெர்ட்டன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். மெர்ட்டன் தொண்டையைக் கனைத்தார். ஊர் முன்னால் அவர் பேசிய பெரிய பேச்சு அதுதான் என்று ஈனிட் இன்றைக்கும் சொல்கிறாள். லின்வுட்டின் காது சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பதினோரு வருஷம் தாமதமா எச்சரிக்கை குடுக்கறா," என்றான். "சரி. நாளைக்கு எடுத்துடறேன்." சொல்லிக்கொண்டே, சுருக்கு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற பழக்கதோஷத்தில், கட்டைவிரலால் அதை நெருடினான்.

எண்ணெய் வண்ணம். முந்தின நாள்தான் போட்டது. ஒரு சுருக்கு அப்படியே அவன் விரலோடு வந்துவிட்டது.

"ஐயோ!" என்றாள் பிரிசில்லா.

சுவரில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சுருக்கு. அது எச்சரிக்கையா, இல்லை யாரோ சும்மா கட்டிவைத்ததா என்று பின்வரிசையில் உடனே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. தூரிகை கராஜில் இருந்தது. ரோவெனா சுற்றும் முற்றும் பார்த்தாள். விருந்து மேஜையிலிருந்து ஒரு பல்குச்சியை எடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"கைய நீட்டு," என்றாள்.

லின்வுட் நீட்டினான். அவன் கட்டைவிரலில் இருந்த கறுப்பைப் பல்குச்சியால் வழித்தெடுத்து, அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஏழு பூச்சு வெள்ளை அடித்த அதே பெண், இரண்டே இழுப்பில் சுருக்கைத் திரும்பப் போட்டாள். இறங்கும்போது மெர்ட்டன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

லின்வுட் மறுபடியும் மூக்கைக் கொண்டுபோனான். இந்தத் தடவை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"இன்னும் கொஞ்சம் இறுக்கமா போட்டிருக்கலாம்," என்றான். அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பீன்ஸைத் தோண்டப் போனான்.